ஊர் கூடித் தைத்த போர்வை

ஹோல்ம் லேக், மின்னசோட்டா
செப்டம்பர் 16, 1990

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலமும் உன் முழங்கால் நலமும் அறிய ஆவல். இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. விர்ஜிலுக்கு இடுப்புப் பிடிப்பு மறுபடி வந்திருக்கிறது. எங்கள் கடையில் வேட்டைக்காரர் கூட்டம் தொடங்கிவிட்டதால் மனிதர் உட்கார மாட்டேன் என்கிறார். தோட்டாவும் தூண்டிலும் கம்பளிக் காலுறையும் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வேண்டுமாம்.

சந்தோஷமான செய்தி ஒன்று. டேரன் உங்கள் கல்லூரிக்கே விண்ணப்பிக்கப் போகிறான். பெரியம்மா வேலை பார்க்கும் இடம் என்று அவனுக்கு ஆசை. இந்த வருடமும் ஹாக்கி அணிக்கு அவன்தான் தலைவன். போன குளிர்காலம் அவனுக்குக் கொஞ்சம் சிரமமாகப் போய்விட்டது, அதனால் மதிப்பெண் சற்று இறங்கியிருக்கிறது. அதை ஈடுகட்டக் கூடுதலாக என்ன அனுப்பலாம்? சேர்க்கை அலுவலகத்துக்கு வரும் தபாலைப் பிரிக்கிறவளே நீதானே, உனக்குத் தெரியாததா?

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் தங்கை,
லவான்


வெஸ்ட் ஹாரோ, ஒஹாயோ
செப்டம்பர் 27, 1990

அன்புள்ள லவான்,

நான் நலம், முழங்கால் நலமில்லை. நான் மாடி ஏறும் சத்தத்தில் பூனை எழுந்து ஓடுகிறது. உன் வீட்டுக்காரரை உட்காரச் சொல். அவர் நின்றால்தான் தோட்டா வெடிக்கும் என்று எந்த மானும் காத்திருக்கவில்லை.

கூடுதலாக என்ன அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் அனுப்பாதே. விண்ணப்பம், ஆசிரியர் இருவர் எழுதும் கடிதம், பையன் எழுதும் ஒரு கட்டுரை, இவ்வளவுதான் நாங்கள் கேட்பது. வந்து சேர்வதைப் பார்த்தால் உனக்குச் சோறு இறங்காது. ஒருவன் தன் காலில் நடந்த அறுவைச் சிகிச்சையை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான், அவன் விடாமுயற்சிக்கு அது சாட்சியாம். சதையைக் கிழிக்கும் இடத்தில் பின்னணி இசை வேறு. ஒரு தாய் மகளின் பால்பற்களைக் கண்ணாடி டப்பாவில் போட்டு அனுப்பினாள். இன்னொருவன் தன் தலையையே களிமண்ணில் செய்து அனுப்பினான். வழியில் மூக்கு உடைந்துபோய், இரண்டு நாள் கழித்து மூக்கு மட்டும் தனித் தபாலில் வந்தது. எங்கள் சேர்க்கைத் தலைவர் வில்லெட் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆர்டிஸ், இதை எந்தக் கோப்புல வைக்கிறது?" என்றார். "குப்பைக் கூடைன்னு ஒரு கோப்பு இருக்கே சார்" என்றேன்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதற்காகக் குஞ்சின் பல்லையா அனுப்புவது? எல்லாவற்றையும் நிலவறையில் கொட்டி வைத்திருக்கிறோம். அந்த அறையைத் திறந்தாலே எனக்குக் குமட்டுகிறது.

டேரன் என் தங்கை மகன் என்று வில்லெட்டிடம் சொல்லிவிட்டேன். அதனால் அவன் கோப்பு என் கைக்கு வராது. அதுதான் முறை.

போன குளிர்காலத்தில் அவனுக்கு என்ன சிரமம்? கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஏப்ரல் வரை நீ கடிதமே போடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அன்புடன்,
ஆர்டிஸ்


ஹோல்ம் லேக்
அக்டோபர் 21, 1990

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை விர்ஜிலுக்குப் படித்துக் காட்டினேன். மூக்கு வந்த கதைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போன வாரம் சர்ச்சில் லூட்டஃபிஸ்க் மீன் விருந்து. அந்த மீன் நாற்றம் என் கோட்டை விட்டு இன்னும் போகவில்லை.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் இந்த யோசனை பிறந்தது. பாஸ்டர் மனைவி இங்கா, "பால்பல்லு அனுப்புறவங்க அனுப்பட்டும். நம்ம பையனுக்கு நாம பேரு தைச்ச போர்வை அனுப்புவோம்" என்றாள். நாலு பேர் உடனே கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு சதுரம். அதில் குடும்பப் பெயரும், டேரனைப் பற்றி ஒரு வார்த்தையும் நூலால் தைத்துத் தருவார்கள். எல்லாவற்றையும் இணைத்து உள்ளே பஞ்சு வைத்துப் போர்வையாக்கிவிடுவோம். இப்படி ஒரு பையனுக்காக ஊரே சாட்சி சொல்வதை உங்கள் வில்லெட் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

கேட்டதும் யாருமே மறுக்கவில்லை. பெவ் ஆனேகூட ஒரு சதுரம் வாங்கிக்கொண்டு போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லவான்


வெஸ்ட் ஹாரோ
நவம்பர் 4, 1990

அன்புள்ள லவான்,

நலம். இங்கே மழை, மழை, மழை.

நம் ஊரில் பெயர் தைத்த போர்வை யாருக்குத் தைப்போம்? கல்யாணப் பெண்ணுக்கு. மாற்றலாகிப் போகும் பாஸ்டருக்கு. வீடு எரிந்த குடும்பத்துக்கு. டேரனுக்கு என்ன எரிந்துபோயிற்று? இது நல்லதற்கல்ல, நிறுத்திவிடு.

இன்னொன்று. "பெவ் ஆனேகூட" என்று எழுதியிருக்கிறாய். பெவ் உங்கள் கடையில் பல வருடமாகக் கல்லாவில் நிற்கிறவள்தானே. அவள் மகள் கிர்ஸ்டன்தானே டேரனோடு சுற்றிக்கொண்டிருந்த பெண்? அப்படியிருக்க அந்தக் "கூட" எதற்கு? என் கேள்வி ஒன்றை ஏற்கெனவே நீ தாண்டிக் குதித்துவிட்டாய். இதையும் தாண்டாதே.

அக்கா


ஹோல்ம் லேக்
டிசம்பர் 9, 1990

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். ஏரி உறைந்துவிட்டது. மீன்பிடிக் குடில்களைப் பனிக்கட்டி மேல் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

நீ கேட்டதால் சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. போன ஜனவரியில் டேரனும் கிர்ஸ்டனும் எங்கள் குடிலுக்குப் போன இடத்தில் ஏதோ சண்டை. பிள்ளைகள் சண்டைதான். டேரன் கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பக்கத்துக் குடிலில் இருப்பவர்கள் அவளை ஏற்றிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்திருக்கிறான். அவள் குளிரில் கொஞ்சம் மாட்டிக்கொண்டாள். கை சற்றுக் கெட்டுவிட்டது. ஷெரிப் வந்து விசாரித்து விபத்து என்று எழுதிவிட்டார். பள்ளியிலும் நடவடிக்கை எதுவும் இல்லை. ஆகவே விண்ணப்பத்தில் உன் மேல் எப்போதாவது நடவடிக்கை எடுத்ததுண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டேரன் எழுதியதில் பொய் கிடையாது.

போர்வை முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு பெயர். நீல ஓரம் கட்டியிருக்கிறோம். நாளை தபாலில் போடுகிறேன். அதை நிலவறைக்கு மட்டும் அனுப்பிவிடாதே அக்கா. மாடியில் வில்லெட்டிடம் போகும்படி பார்த்துக்கொள். இந்த ஒன்றுதான் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உன் லவான்


வெஸ்ட் ஹாரோ
ஜனவரி 6, 1991

லவான்,

உன் போர்வை வந்தது. என் மேஜை மேல் விரித்துப் பார்த்தேன். "நேர்மையானவன்." "எங்கள் ஊரின் பெருமை." "மென்மையான மனசு." மென்மையான மனசு என்று தைத்த புண்ணியவதி யார்?

ஏரிக்கரை டோரிஸுக்குத் தொலைபேசியில் பேசினேன். கிர்ஸ்டன் வந்து விழுந்தது அவள் வீட்டு வாசலில்தான் என்பதை நீ எழுதவில்லை. டோரிஸ் முதலில் வானிலை பேசினாள். பிறகு அழுதாள். பிறகு சொன்னாள்.

"கதவை அவ தட்டல ஆர்டிஸ். முழங்கையால இடிச்சா. கை கட்டையாட்டம் ஆயிடுச்சு. கோட்டும் இல்ல, கையுறையும் இல்ல."

"கோட்டு எங்க போச்சு?"

"அவன் வண்டியில. 'இனி உன்கூட வர மாட்டேன்'னு அவ சொல்லியிருக்கா. அதுக்கு இவன் கோட்டையும் கையுறையையும் அள்ளி வண்டியில போட்டுக்கிட்டு, 'அப்ப நடந்தே போ'ன்னுட்டுக் கிளம்பிட்டான். பூஜ்யத்துக்குக் கீழ முப்பது அன்னிக்கு. அக்கம்பக்கக் குடில்ல ஒரு ஆள் கிடையாது."

இடது கையில் நான்கு விரல் போய்விட்டது. "சற்றுக் கெட்டுவிட்டது" என்று எழுதினாயே, உன் பேனா கூசவில்லையா? அவன் வீட்டுக்கு வந்து உன் கையால் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்தப் பெண்ணின் கோட்டு உங்கள் வாசலில் வண்டிக்குள் கிடந்தது. விசாரித்த ஷெரிப் விர்ஜிலின் பெரியப்பா மகன். இத்தனை வருடம் பகுதிநேரமாக நின்ற பெவ்வுக்கு மறுவாரமே கடையில் முழுநேர வேலை.

"எல்லாம் தெரிஞ்சும் நீ ஒரு சதுரம் தைச்சியா டோரிஸ்?" என்று கேட்டேன்.

"தைச்சேன். ஊரே தைக்குது, நான் மட்டும் எப்படி..." என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நீ பஞ்சு வைத்துத் தைத்தே மூடிவிட்டாய். பால்பல்லைத் தொட்ட கையை ஒருமுறைதான் கழுவினேன். இதைத் தொட்டபின் எத்தனை முறை கழுவினாலும் அருவருப்பு போகவில்லை. அதிலும் பெவ்வின் பெயர்! பெற்றவள் கையில் ஊசியைக் கொடுத்து, மகளின் விரலைத் தின்றவனுக்கு நற்சான்று தைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். சீ!

பிப்ரவரி முதல் தேதி வரை பொறுப்பேன். டேரனே தன் கையால் நடந்ததை எழுதி அனுப்பட்டும், அல்லது விண்ணப்பத்தைத் திரும்பப் பெறட்டும். இல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

ஆர்டிஸ்


ஹோல்ம் லேக்
ஜனவரி 20, 1991

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

உனக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லக்கூடாது என்று இத்தனை வருடம் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன், சொல்ல வைத்துவிட்டாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு விர்ஜில், "உங்க அக்கா காகிதத்தோட குடும்பம் நடத்துறவ. மனுசங்களை அவளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

நடந்தது தப்பு என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கோட்டை வண்டியிலிருந்து எடுத்து மடித்து பெவ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். அதற்காகப் பதினேழு வயதுப் பையனின் வாழ்க்கையைக் கொளுத்திவிடலாமா? யாரும் பெவ் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அவளே சதுரத்தை முடித்து என் கையில் கொடுத்து, "டேரன் நல்லாப் போயிட்டு வரட்டும் லவான்" என்றாள். அவர்களுக்கே இல்லாத கோபம் ஒஹாயோவில் உட்கார்ந்திருக்கும் உனக்கு எதற்கு?

அவன் இந்த ஊரிலேயே கிடந்தால் அவனை எல்லோரும் பார்க்கும் பார்வையிலேயே கெட்டுப்போவான். வெளியே போனால் மனிதனாவான். நீ என் கூடப் பிறந்தவள். கெஞ்சிக் கேட்கிறேன், எழுதாதே.

லவான்


வெஸ்ட் ஹாரோ
மார்ச் 17, 1991

அன்புள்ள லவான்,

நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். இருந்தாலும் ஆவல்தான்.

பிப்ரவரி முதல் தேதி வரை காத்திருந்தேன். டேரனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நீ கேட்டபடியே போர்வை நிலவறைக்குப் போகவில்லை. நானே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கூடுதலாக ஒரு தாளும் வைத்தேன். டோரிஸ் சொன்னதை என் கையால் எழுதி, கீழே முழுப் பெயரைப் போட்டிருந்தேன்.

வில்லெட் படித்துவிட்டு, "ஆர்டிஸ், இது உங்க சொந்தத் தங்கச்சி பையன்" என்றார். "அதனாலதான் சார் எனக்குத் தெரிஞ்சுது" என்றேன். அவர் உங்கள் பள்ளித் தலைமையாசிரியருக்குத் தொலைபேசி செய்தார். அந்த மனிதர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. "அவன் நல்ல கோல்கீப்பர் சார்" என்று மட்டும் சொன்னாராம். அதைக் கேட்டதும் வில்லெட் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டேரனுக்கு இடமில்லை என்ற கடிதம் இந்த வாரம் கிளம்புகிறது. மற்ற கல்லூரிகள் கேட்டாலும் பள்ளி இனி உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று வில்லெட் எழுதியிருக்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒரு ஊரே நினைத்தது. நம் அப்பா அம்மா புதைந்திருக்கும் ஊர் அது என்பதில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதில் ஒருத்தியாவது வாய் திறந்தாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? கிர்ஸ்டனுக்கும் எழுதியிருக்கிறேன்.

நீ திட்டி எழுதினாலும் எழுது. எழுதாமல் இருக்காதே.

அக்கா


ஹோல்ம் லேக்
ஏப்ரல் 7, 1991

ஆர்டிஸ்,

நீங்கள் திருப்பி அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. சர்ச் நிலவறையில் வைத்திருக்கிறார்கள். இங்காவுக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை, தன் பெயர் எங்கோ ஒஹாயோவில் கேவலப்பட்டுவிட்டதாம்.

அவன் விண்ணப்பித்திருந்த மற்ற இரண்டு கல்லூரிகளும் இல்லை என்று எழுதிவிட்டன. டேரன் இனி எங்கும் போகப் போவதில்லை. விர்ஜில் அவனைக் கடையில் சேர்த்துக்கொண்டார். பிறகு கடை அவனுக்குத்தான். உனக்குத் திருப்தியா?

இனி எழுதாதே. முழங்காலை மருத்துவரிடம் காட்டு.

லவான்


ஹோல்ம் லேக்
ஏப்ரல் 28, 1991

மதிப்பிற்குரிய மிஸ் ஆர்டிஸ் ஹால்வர்சன் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் மார்ச் மாதமே கிடைத்தது. என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் வைத்திருந்தேன். வலது கை நன்றாகவே இருக்கிறது, அதனால் எழுத முடியாமல் போனதாக நினைக்க வேண்டாம்.

"உன் பக்கம் நிற்க ஒருத்தியாவது இருக்கிறாள் என்று தெரிந்துகொள்" என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவைக் கட்டாயப்படுத்தித் தைக்க வைத்தார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அம்மா தைக்கவில்லை. சதுரத்தை வாங்கி வந்ததோடு சரி. சமையலறை மேஜையில் போட்டுவிட்டு, "இதை அடுப்புல போடப் போறேன் கிர்ஸ்டன், வேலை போனாப் போகட்டும்" என்றாள். நான்தான், "குடும்மா, நான் தைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். துணி மாட்டிய சட்டத்தை இடது மணிக்கட்டால் மேஜையோடு அழுத்திக்கொண்டு தைத்தேன். "நல்லா வரணும்" என்ற வார்த்தையும் நான் தேர்ந்தெடுத்ததுதான்.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன். அவன் போக வேண்டும் என்றுதான். பள்ளியில் ஒஹாயோ வரைபடம் இருக்கிறது. வெஸ்ட் ஹாரோ எங்கே என்று தேடிப் பார்த்தேன். தூரம் போதும் என்று தோன்றியது. நான்கு வருடம். பிறகு இந்த ஊருக்கு யார் திரும்பி வருகிறார்கள்? நீங்களே வரவில்லையே.

அங்கே இருக்கும் பெண்களை நினைத்தாயா என்று கேட்பீர்கள். நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் தைத்தேன். தைக்கும்போது என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் அவர்களுக்கு உங்களைப் போல ஒருவர் அங்கே இருக்கிறார். இங்கே எனக்கு இருந்தது அந்த ஒரு சதுரம்தான்.

நாற்பத்திரண்டு வீட்டிலும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டோரிஸிடம் கேட்டீர்கள், தலைமையாசிரியரிடம் கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் தொலைபேசி இருக்கிறது மிஸ் ஹால்வர்சன். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டபின் நீங்கள் அந்தத் தாளை வைத்திருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் இப்போது கடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். அம்மா வேலையை விட முடியாது, என் ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அந்த வேலையின் காப்பீட்டில்தான் ஓடுகிறது. ஏரியில் பனி இன்னும் முழுதாக உடையவில்லை. நேற்று காற்று பலமாக அடித்தது. அம்மா மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதால் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவன் பார்த்துவிட்டு வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். கடையில் ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெளிய குளுருது, உள்ள வா கிர்ஸ்டன்" என்றான்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் உள்ளே போனேன்.

இப்படிக்கு,
கிர்ஸ்டன் ஆனே